முந்நூறு பெட்டிக்குப் பன்னிரண்டு நிமிடம்

நான் ஓய்வு பெற்ற அன்று நீங்கள் எனக்கு ஒரு பலகை கொடுத்தீர்கள். தேக்குச் சட்டம், நடுவில் பித்தளைத் தகடு. அதில் ஆங்கிலத்தில் பொறித்திருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "தரவு பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும்." கீழே கொட்டை எழுத்தில் "செல்வநாதன் விதி". எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் பல்லை இளித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பலகை மூன்று மாதமாகக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. என் மனைவி இரண்டு தடவை ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்து, "எங்க மாட்டணும், சொல்லுங்களேன்" என்று கேட்டாள். இரண்டு தடவையும் அவளிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவளுக்கு எதுவும் தெரியாது.

இப்போது நம் கணினிப் பிரிவின் செய்திமடலுக்குப் பணி அனுபவம் எழுதித் தரச் சொல்கிறீர்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயன்படும் என்கிறீர்கள். பயன்படுமோ இல்லையோ, உண்மையை எழுதுகிறேன். என்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிடலாம்.

எண்பதுகளின் தொடக்கம். கிள்ளானில் துறைமுகத்தை ஒட்டி ஒரு சரக்கு நிறுவனம். நான் அங்கே பதிவேட்டுக் குமாஸ்தாவாக இருந்து, மாலை வகுப்பில் டிப்ளோமா வாங்கிக் கணினிப் பிரிவுக்கு வந்தவன். வயது நாற்பது. கழுத்தில் டை. அப்பா ரயில்வேயில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக்காரர். வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன தம்பி, புரமோசன் ஒண்டும் இல்லையோ?" என்பதுதான். சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார்.

நிறுவனம் முதன்முதலாகக் கணினி வாங்கியபோது, புரோக்ராம் எழுத ஆள் வேண்டுமென்று உள்ளுக்குள்ளேயே ஒரு தேர்வு வைத்தார்கள். முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். இரண்டாவது இடம் நான். முதல் இடம் பிலோமினா.

பிலோமினா யார் தெரியுமா? பஞ்ச் ரூமில் கணக்கு மெஷினுக்கான கார்டுகளில் துளை குத்திக்கொண்டிருந்த பெண். கிள்ளான் ரயில்வே லைன் வீட்டில் பிறந்தவள். தண்டவாளம் போடும் வேலையில் இருந்த அவள் அப்பா இடுப்பில் அடிபட்டுப் படுத்துவிட்டார். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. வயது இருபத்தொன்பது. டிப்ளோமா கிடையாது, ஒரு சான்றிதழும் கிடையாது. அந்தப் பட்டியலின் முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று இன்றைக்கும் சொல்ல முடியும். ஒரு வாய்க் கோப்பி குடிக்கவில்லை. கையில் இருந்த கோப்பை ஆறிப்போய்விட்டது.

அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல், பிள்ளைகளே. சின்னதாகத்தான் ஆரம்பித்தது. அவள் எழுதிய புரோக்ராம் முதல் தடவையே ஓடினால் எரியும். என்னுடையது மூன்றாம் தடவை ஓடினால் அதைவிட எரியும். மெஷின் அறைப் பையன்கள் என்னை "சார்" என்பார்கள், அவளை "அக்கா" என்பார்கள். அதுவும் எரியும். கூட்டத்தில் மேலாளர் அவள் பெயரை எத்தனை தடவை சொன்னார் என்று நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் கோடு போட்டு எண்ணியிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணினேன்.

மேலாளரின் பெயரை எழுதப்போவதில்லை. அவர் ஆத்மா சாந்தியடையட்டும். எல்லோருக்கும் அவர் பாஸ். அதட்ட மாட்டார். ஒரு கேள்வியை ஒரே ஒரு தடவைதான் கேட்பார். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதைவிட அவர் கத்தியிருக்கலாம் என்று தோன்றும்.

அந்த வருடம் எங்கள் பிரிவுக்கு ஒரே ஒரு சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் பதவி வந்தது. நானா, பிலோமினாவா என்பது சீனப் புத்தாண்டு முடிந்து ஒரு மாதத்தில் தெரியும். நான் நிரந்தர ஊழியன். கிடைக்காவிட்டால் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்த இடத்திலேயே இருப்பேன், அவ்வளவுதான். அவளுக்கு அப்படியில்லை. அவளுடையது ஒப்பந்த வேலை, மார்ச் கடைசியில் முடிகிறது. அந்தப் பதவி கிடைத்தால் நிரந்தரம். கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இது அவளுக்கும் தெரியும், பாஸுக்கும் தெரியும். எனக்கு மிக நன்றாகவே தெரியும்.

வீட்டில் அப்பாவுக்கும் விஷயம் போய்விட்டது. "அந்தப் பிள்ளைக்கோ குடுக்கப் போறாங்கள்? பிறகு நீ எதுக்கு டிப்ளோமா படிச்சனி?" என்றார்.

இனி வேலைக்கு வருகிறேன். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கிய பெட்டிகளின் பட்டியல் ஒன்று. கொள்கலன் என்று இப்போது அழகாக எழுதுகிறார்கள். எங்களுக்கு அது பெட்டிதான். எந்தெந்தப் பெட்டியை வெளியே விடலாம் என்று வரும் அனுமதிச் சீட்டுகளின் பட்டியல் இன்னொன்று. இரண்டையும் ஒப்பிட்டு, இன்று போகலாம் என்ற பெட்டிகளை மட்டும் அச்சடித்துக் காலை எட்டரைக்குள் துறைமுக வாசல் கேட்டில் கொடுக்க வேண்டும். அது வந்தால்தான் லோரிகள் உள்ளே போகும். அந்தப் புரோக்ராம் என்னுடையது. நான் எழுதியதிலேயே எனக்குப் பெருமையானது.

அது எப்படி வேலை செய்தது? ஒரு பெட்டியை எடுக்கும். சீட்டுப் பட்டியலின் தலையிலிருந்து கால்வரை தேடும். அடுத்த பெட்டியை எடுக்கும். மறுபடியும் தலையிலிருந்து கால்வரை. சாதாரண நாளில் முந்நூறு பெட்டி, முந்நூறு சீட்டு. பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்தால் பட்டியல் தயார்.

சீனப் புத்தாண்டு வந்தால் கதை வேறு. அலுவலகங்கள் ஒரு வாரம் மூடிவிடும். கப்பலுக்கு என்ன புத்தாண்டு? அது வந்துகொண்டே இருக்கும், பெட்டி குவியும். திறக்கும் நாளில் அத்தனை சீட்டும் ஒரே மூச்சில் வந்து விழும். இரண்டு பட்டியலும் ஏறக்குறைய மூவாயிரம் ஆகிவிடும். கார்டு காலத்தில் பஞ்ச் ரூம் பெண்கள் இதை எப்படியோ சமாளித்தார்கள். கணினிக்கு அதுதான் முதல் புத்தாண்டு.

பாஸ் கேட்டார், "செல்வா, திறக்கிற அன்னைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

நான் யோசிக்கவே இல்லை. "பத்து மடங்கு பெட்டி, பத்து மடங்கு நேரம் பாஸ். நூற்று இருபது நிமிஷம். ரெண்டு மணி நேரம். காலையில ஆறுக்கு ஆரம்பிச்சா எட்டுக்கு முடிஞ்சிடும்." சந்தையில் ஒரு கிலோ வெங்காயம் இவ்வளவு என்றால் பத்து கிலோ எவ்வளவு என்று சொல்வதுபோல் சொன்னேன்.

அன்று மாலை பிலோமினா என் மேசைக்கு வந்தாள். கையில் ஒரு தாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ரெண்டு மணி நேரத்துல முடியாதுன்னு தோணுது. இதைக் கொஞ்சம் பார்த்துட்டு பாஸ்கிட்ட குடுக்குறீங்களா? உங்க புரோக்ராம், நான் நேரா போய்க் குடுத்தா நல்லா இருக்காது லா."

பாருங்கள், அதிலும் அவளுக்கு மரியாதை. நேராகப் போய்க் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"எதை வெச்சி சொல்றே?"

"கார்டு மெஷின்ல ரெண்டு கார்டுக் கட்டையும் நம்பர் வரிசையில அடுக்கிட்டுத்தானே போடுவோம், அண்ணே. அடுக்காம போட்டா மெஷினே நின்னுடும். இங்க அடுக்காமலே தேடுது. பெட்டியும் கூடி, சீட்டும் கூடினா..."

"இது கம்ப்யூட்டர், பிலோ. பஞ்ச் ரூம் இல்லே."

முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. ஆனாலும் தாளை மேசையில் வைத்துவிட்டுத்தான் போனாள்.

நான் அதை முழுதாகப் படிக்கவில்லை. ஏன் தெரியுமா? சரியாக இருந்துவிடுமோ என்ற பயம். முதல் வரியைப் பார்த்தேன். மேசை இழுப்பறையில், சாப்பிட்டுக் கை துடைக்கும் துண்டுக்கு அடியில் போட்டேன். இரண்டு நாள் கழித்து அவள் கேட்டாள், "பாஸ் என்ன சொன்னாரு அண்ணே?"

"பார்த்தாரு. தேவையில்லைன்னுட்டாரு."

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்தப் பொய்? எச்சில் விழுங்கவில்லை, நாக்குக் குழறவில்லை. "அப்படியா... சரிண்ணே" என்று அவள் போய்விட்டாள். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

திறக்கும் நாள் வந்தது. காலை ஆறுக்கு நானே பொத்தானை அழுத்தினேன். ஒவ்வொரு நூறு பெட்டி முடிந்ததும் திரையில் ஒரு வரி வரும்படி எழுதியிருந்தேன். சாதாரண நாளில் நாலு நிமிடத்துக்கு ஒரு வரி வரும். அன்று நாலு நிமிடம் ஆயிற்று, வரவில்லை. பத்து ஆயிற்று. இருபது. மெஷின் அறைப் பையன், "சார், ஹேங் ஆயிடுச்சா?" என்றான். "சும்மா இரு லா" என்றேன். ஆறு நாற்பதுக்கு முதல் வரி வந்தது: நூறு.

நூறு பெட்டிக்கு நாற்பது நிமிடம். முப்பது நூறு முடிய வேண்டிய இடத்தில் ஒன்று முடிந்திருக்கிறது. இந்தப் பெருக்கல் தெரியாதவனா நான்? ஆனால் பெருக்கவில்லை. என் மேசைக்கு ஓடினேன். துண்டைத் தூக்கி அந்தத் தாளை எடுத்தேன். அப்போதுதான் முழுதாகப் படித்தேன்.

சின்னச் சின்னக் கையெழுத்தில் "அடுக்காமல் தேடினால்" என்று தலைப்பு, கீழே மூன்றே வரி அட்டவணை. இரண்டு பட்டியலும் முந்நூறு என்றால் பன்னிரண்டு நிமிடம். இரண்டும் அறுநூறு என்றால் நாற்பத்தெட்டு நிமிடம். இரண்டும் மூவாயிரம் என்றால் இருபது மணி நேரம். பெட்டி பத்து மடங்கு, ஒவ்வொரு பெட்டிக்கும் புரட்ட வேண்டிய சீட்டும் பத்து மடங்கு. பத்தைப் பத்தால் பெருக்கினால் நூறு. கீழே வழியும் எழுதியிருந்தாள்: இரண்டு பட்டியலையும் முதலில் பெட்டி எண் வரிசையில் அடுக்கு, பிறகு இரண்டிலும் ஒரே நேரத்தில் மேலிருந்து கீழே இறங்கு, திரும்பிப் போகாதே.

மணி ஆறு ஐம்பது. கேட் திறக்க இன்னும் ஒரு மணி நாற்பது நிமிடம் இருந்தது. அடுக்குவதற்கான புரோக்ராம் மெஷினோடு வந்தது, தயாராகவே இருந்தது. அப்போதே நிறுத்தி, அவள் எழுதியபடி மாற்ற ஆரம்பித்திருந்தால் எட்டரைக்கு முடியாவிட்டாலும் ஒன்பது, ஒன்பதரைக்குப் பட்டியல் வந்திருக்கும்.

நான் நிறுத்தவில்லை. அவள் வழியில் செய்தால் அவள் ஜெயித்தாள் என்று ஆகும். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரையின் முன்னால் போய் உட்கார்ந்தேன். போகப் போக வேகம் பிடிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணினிக்குப் போகப் போக வேகம் பிடிக்காது என்பது அந்தப் பையனுக்கே தெரியும். பொறாமை வந்தவனுக்குக் கண் மட்டுமா போகும், படித்த கணக்கும் சேர்ந்து போகும்.

எட்டரைக்குக் கேட்டிலிருந்து போன் வந்தது. எட்டு ஐம்பதுக்கு இன்னொன்று. ஒன்பது மணிக்குக் காவலாளியே வந்துவிட்டார். "சார், லோரி ரவுண்டபவுட் வரைக்கும் நிக்குது சார். ஆளுங்க இறங்கி வந்து என்னைத்தான் ஏசுறானுங்க." வெளியே ஹார்ன் சத்தம் நிற்கவே இல்லை. திரையில் நானூறு என்று இருந்தது.

அந்த நேரம்தான் பிலோமினா உள்ளே வந்தாள். பஸ் அந்த வரிசையில் மாட்டிக்கொள்ள, இறங்கி வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். முகமெல்லாம் வியர்வை. திரையைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எப்ப ஆரம்பிச்சீங்க அண்ணே?"

"ஆறுக்கு."

"நிறுத்திடுங்க அண்ணே."

"மூணு மணி நேரம் ஓடினதை நிறுத்தச் சொல்றியா? பாதிக் கிணறு தாண்டியாச்சு!"

"பாதி இல்லே அண்ணே. இன்னும் ஏழுல ஒரு பங்குகூடத் தாண்டலே."

அப்போது பாஸ் வந்தார். சட்டைக் கை மடித்து விட்டிருந்தது. கேட்டுக்குப் போய்விட்டு வருகிறார் என்று தெரிந்தது. என்னைப் பார்த்தார். "இன்னும் எவ்வளவு நேரம்?"

"ஒரு... ஒரு மணி நேரம் பாஸ்."

பிலோமினா பென்சிலை எடுத்தாள். ஓரத்தில் கிடந்த பழைய அச்சுத் தாளைத் திருப்பி, நூறுக்கு நாற்பது, மூவாயிரத்துக்கு எவ்வளவு என்று போட்டு, பாஸ் முன்னால் வைத்தாள். நாளை விடியற்காலை இரண்டு மணி என்று வந்தது.

பாஸ் அதைப் பார்த்தார். ஒரு மூச்சு விட்டார். "நிறுத்து."

மூன்று மணி நேரம் முட்டுக்கொடுத்து வைத்திருந்ததை என் கையாலேயே நிறுத்தினேன். பிறகுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இது இப்படி ஆகும்னு யாருக்காவது முன்னாலேயே தெரியுமா?"

கேட்டுவிட்டு நின்றார், அவர் வழக்கப்படி. பிலோமினாவின் முகத்தை நான் பார்த்தேன். அதுவரை அவள், பாஸ் தாளைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றே நம்பிக்கொண்டிருந்தாள். இந்தக் கேள்வி காதில் விழுந்த நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மெதுவாக என் பக்கம் திரும்பினாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் சும்மா பார்த்தாள். தாள் என் சட்டைப் பையில் இருந்தது. கை நீட்டக்கூட வேண்டாம். என் நெஞ்சின் மேலேயே இருந்தது.

"யாராலும் எதிர்பார்த்திருக்க முடியாது பாஸ்" என்றேன்.

பாஸ் அவளைப் பார்த்தார். "நீ கார்டு காலத்து ஆளாச்சே பிலோ. உனக்குக்கூடவா தோணலே?"

"வேலையப் பார்ப்போம் பாஸ். லோரி நிக்குது" என்றாள்.

இரண்டரை மணி நேரம் எழுதினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கேட்ட கோப்புப் பெயர்களை எடுத்துக் கொடுத்தேன். எடுபிடி வேலை. அந்த நிலைமையிலும், என் மானம் கப்பலேறிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும், எனக்கு எதில் பொறாமை வந்தது தெரியுமா? அவள் அழிப்பானைத் தொடவே இல்லை. ஒரு வரியைக்கூட அடித்து எழுதவில்லை. படுபாவி, எங்கே கற்றாள் என்று நினைத்தேன்.

ஓட்டினோம். இரண்டு பட்டியலையும் அடுக்கி, ஒப்பிட்டு, மூவாயிரம் பெட்டிக்கு எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம். என் புரோக்ராம் முந்நூறுக்கு எடுத்துக்கொண்ட அதே பன்னிரண்டு நிமிடம். அச்சடித்த பட்டியலைக் காவலாளி கேட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். மத்தியானம் முதல் லோரி வெளியே போனது.

இத்தோடு விட்டிருந்தால்கூட என்னை நான் மன்னித்திருப்பேன். அடுத்த வாரம் பாஸ், "இனி இப்படி நடக்காம இருக்க ஒரு அறிக்கை எழுது செல்வா" என்றார். புரோக்ராம் என்னுடையது, அதனால் அறிக்கையும் என்னுடையதாம். உட்கார்ந்து எழுதினேன். தரவு பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். ஆகவே அடுக்கிவிட்டு ஒப்பிட வேண்டும். சின்னப் பட்டியலில் மட்டும் சோதித்துவிட்டுப் பெரிய பட்டியலை ஓட்டக்கூடாது. அழகாக இரண்டு பக்கம். அவள் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். அவசர மாற்றத்துக்கு உதவியவர் என்று கடைசியில் அவள் பெயரை ஒரு வரி போட்டேன். அந்த ஒரு வரியைப் போட்டதற்கே என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டேன்.

மேலிடத்துக்கு அறிக்கை போனது. பதவி எனக்கு வந்தது. வீட்டில் அப்பா முதல் தடவையாக, "சாப்பிட்டியோ?" என்று கேட்டார்.

மார்ச் கடைசி நாள் பிலோமினா எல்லோருக்கும் வீட்டில் செய்த கேக் கொண்டுவந்தாள். என் மேசைக்கும் ஒரு துண்டு வந்தது. "போய்ட்டு வரேன் அண்ணே" என்றாள். நான் எழுந்து நின்றேன். "நல்லா இரு" என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு நீங்கள் ஒவ்வொரு தலைமுறையாக வந்தீர்கள். நான் அந்த விதியைச் சொல்லிக் கொடுத்தேன். வகுப்பெடுத்தேன். யாரோ ஒருவர் அதற்கு என் பெயரை வைத்தீர்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

போன வாரம் பலகையைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் பக்கத்தில் இருக்கும் மேருவுக்குப் போனேன். அங்கே ஒரு கடைக்கு மேல்மாடியில் பிலோமினா கணினி வகுப்பு நடத்துகிறாள் என்று பழைய பஞ்ச் ரூம் பெண் ஒருவர் சொல்லியிருந்தார். தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கான வகுப்பு. படியேறியதும் மூச்சு வாங்கியது. உள்ளே பதினைந்து, இருபது பேர். ஒரு நாற்காலிகூடக் காலி இல்லை. ஓய்வு பெற்ற என்னைத் தேடி ஒருவரும் வரவில்லை, இவளைத் தேடி இத்தனை பேர் என்று மனம் உடனே கணக்குப் போட்டது. திருந்தாத ஜென்மம்.

"அடடே, செல்வா அண்ணனா! வாங்க, உட்காருங்க" என்றாள். தலை பாதி நரைத்திருந்தது. மற்றபடி அதே ஆள்.

பலகையைப் பிரித்து மேசைமேல் வைத்தேன். "இது உனக்குச் சேர வேண்டியது" என்றேன். பதினைந்து வருடமாகப் பாடம் பண்ணி வைத்திருந்த பேச்சில் அந்த ஒரு வாக்கியம்தான் வெளியே வந்தது. பிறகு கேட்டேன். "அன்னைக்கு ஏன் பிலோ நீ பாஸ்கிட்ட சொல்லலே?"

"நீங்க சொல்வீங்கன்னு நின்னேன் அண்ணே" என்றாள். "மார்ச் வரைக்கும் நின்னேன்."

அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தகட்டைப் படித்தாள். ஒரு தடவை படித்தாள், இரண்டாம் தடவையும் படித்தாள். நெற்றி சுருங்கியது.

"இது தப்பா இருக்கே அண்ணே."

"எது? பேரா?"

"பேரை விடுங்க. விதியே தப்பு. டேட்டா பத்து மடங்கானா நேரம் எதுக்கு நூறு மடங்காகணும்? அடுக்கிட்டு ஓட்டினா ஆகாதே. அன்னைக்கு மூவாயிரமும் பன்னிரண்டு நிமிஷத்துல முடிஞ்சிச்சே, மறந்துட்டீங்களா? நூறு மடங்கு ஆனது நீங்க எழுதின புரோக்ராம்ல." சட்டத்தின் மேல் விரலால் தட்டினாள். "புரோக்ராம் செஞ்ச தப்பைத் தூக்கி டேட்டா மேல போட்டுட்டீங்க அண்ணே. அது பாவம், வாயில்லாதது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். கீழே லோரிகள் போய்க்கொண்டிருந்தன. அவளுடைய தாளில் "அடுக்காமல் தேடினால்" என்று முதல் வரியிலேயே இருந்தது. நான் அவசரமாகத் திருடியதில் அதை விட்டுவிட்டேன். அரைகுறையாகத் திருடியதைத்தான் உங்களுக்குப் பதினைந்து வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன்.

ஆகவே புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நேரம் கூடினால் தரவைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் எழுதியதைத் திறந்து பாருங்கள். பக்கத்து மேசையிலிருந்து ஒரு தாள் வந்தால் அன்றைக்கே படியுங்கள், வயிறு எரிந்தாலும் படியுங்கள். மெஷின் அறைச் சுவரிலும் என் பெயரில் அந்த விதி ஒட்டியிருக்கிறது. தயவுசெய்து இன்றைக்கே கிழித்துவிடுங்கள். புதிதாக எழுதுவதானால் வாக்கியத்தை அவளிடமே கேட்டு எழுதுங்கள், பெயரையும் அவள் பெயராகவே போடுங்கள். மேருவில் யாரைக் கேட்டாலும் வகுப்பைக் காட்டுவார்கள்.

பலகையை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "தப்பான விதிய என் வகுப்புல மாட்ட முடியாது அண்ணே, பிள்ளைங்க படிக்குதுங்க" என்று அதே செய்தித்தாளில் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.